வியாபாரிகள் விட்டுப்போன சென்னை: சுற்றிப் பார்க்க ஐந்து இடங்கள்

வெளியூரிலிருந்து சொந்தக்காரர்கள் சென்னைக்கு வந்தால் நாம் கூட்டிப்போகும் இடங்கள் எல்லோருக்கும் மனப்பாடம்தான். மெரினா, வண்டலூர், மாமல்லபுரம், நேரம் இருந்தால் தி.நகர். இவற்றில் தப்பில்லை. ஆனால் இந்த நகரம் ஏன் இங்கே உருவானது என்ற கேள்விக்கு இந்தப் பட்டியலில் பதில் கிடையாது. பதில் ஒரே வார்த்தை: வியாபாரம். நான் பி.காம் படிப்பதால் அப்படித் தோன்றுகிறது என்று நினைக்காதீர்கள். கீழே உள்ள ஐந்து இடங்களையும் வடக்கிலிருந்து தெற்காகப் பார்த்துவிட்டு நீங்களே சொல்லுங்கள்.

முதலில் பழவேற்காடு. சென்னைக்கு வடக்கே சுமார் 60 கி.மீ. ஏரியில் பூநாரை பார்க்கத்தான் பெரும்பாலும் போகிறார்கள். டச்சுக்காரர்கள் 1613ல் இங்கே கெல்ட்ரியா கோட்டையைக் கட்டினார்கள். அவர்களுக்குத் தேவை இந்தோனேசியத் தீவுகளின் வாசனைப் பொருட்கள். அந்தத் தீவுக்காரர்கள் விரும்பியதோ சோழமண்டலக் கடற்கரைத் துணி. ஆக, இங்கே துணி வாங்கி, அங்கே கொடுத்து, கிராம்பும் ஜாதிக்காயும் வாங்கினார்கள். ஆனால் கப்பலில் போனது துணி மட்டுமல்ல. பஞ்சத்திலும் போரிலும் நொடித்துப்போன மக்களை அடிமைகளாக வாங்கி பத்தாவியாவுக்கு, அதாவது இன்றைய ஜகார்த்தாவுக்கு, அனுப்பினார்கள். இன்று கோட்டை புதர் மண்டிக் கிடக்கிறது. டச்சுக் கல்லறைத் தோட்டம் மட்டும் தொல்லியல் துறைப் பாதுகாப்பில் இருக்கிறது. நுழைவாயிலில் செதுக்கிய எலும்புக்கூடுகளைப் பார்க்கத் தவறாதீர்கள். விற்றவர்களுக்குக் கல்லறையும் பெயரும் இருக்கின்றன. விற்கப்பட்டவர்களுக்கு ஒரு கல்லும் இல்லை.

அடுத்தது புனித ஜார்ஜ் கோட்டை. 1639ல் பிரான்சிஸ் டே தாமர்ல வேங்கடப்ப நாயக்கரிடம் இந்த இடத்துக்கு அனுமதி பெற்றார். இயற்கைத் துறைமுகம் கிடையாது, அலை வேறு பயங்கரம். இருந்தும் இங்கேயே வந்ததற்கு முக்கியக் காரணம், சுற்றுவட்டாரத்தில் நல்ல துணி மலிவாகக் கிடைத்ததுதான். கம்பெனி நெசவாளர்களுக்கு முன்பணம் கொடுத்துத் துணி நெய்ய வைத்தது. 1734ல் நெசவாளர்களுக்காகவே சிந்தாதிரிப்பேட்டையை உருவாக்கியது. முன்பணம் வாங்கியவன் வேறு ஆளுக்குத் துணி விற்க முடியாது, விலை சொல்லும் உரிமையும் மெல்லக் கைநழுவிப் போனது.

கோட்டையில் உள்ள அருங்காட்சியகக் கட்டடம் 1795ல் கட்டி முடிக்கப்பட்டது. மாடிக் கூடத்தில் வியாபாரிகள் கூடுவார்களாம், லாட்டரிக் குலுக்கலும் நடக்குமாம்! பக்கத்திலேயே 1680ல் திறந்த புனித மேரி தேவாலயம். அதே ஆண்டு இங்கே திருமணம் செய்துகொண்ட எலிஹு யேல், பின்னாளில் ஆளுநராகிப் பெரும் சொத்து சேர்த்தார். சொந்த வியாபாரம் செய்தார் என்ற புகார்களுக்கு இடையே 1692ல் பதவி இழந்தார். பிறகு அவர் அமெரிக்கக் கல்லூரி ஒன்றுக்கு அனுப்பிய ஒன்பது பொதிச் சரக்கு சுமார் 560 பவுண்டுக்கு விலைபோனது. 1718ல் அந்தக் கல்லூரி அவர் பெயரை வைத்துக்கொண்டது. அதுதான் இன்றைய யேல் பல்கலைக்கழகம். (கோட்டைக்குள் போக அடையாள அட்டை எடுத்துப் போங்கள். அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை.)

மூன்றாவது ராஜாஜி சாலை. அர்பத்நாட் என்ற பெரிய நிறுவனம் ஒரு காலத்தில் இந்த வட்டாரத்தில்தான் கொடிகட்டிப் பறந்தது. நல்ல வட்டி கிடைக்கிறது என்று சம்பளக்காரர்கள், விதவைகள், ஓய்வு பெற்றவர்கள் எல்லோரும் பணம் போட்டார்கள். 1906 அக்டோபர் 22ஆம் தேதி நிறுவனம் திவாலானது. லண்டன் கூட்டாளி நிறுவனத்தின் ஊக வியாபாரம் இதற்கு ஒரு முக்கியக் காரணம். சர் ஜார்ஜ் அர்பத்நாட்டுக்கு 18 மாதச் சிறை. பணம் போட்டவர்கள் பலர் நடுத்தெருவுக்கு வந்தார்கள். நமக்கென்று ஒரு வங்கி வேண்டும் என்று வி.கிருஷ்ணசாமி அய்யரும் மற்றவர்களும் முயன்றதில் 1907ல் பிறந்ததுதான் இந்தியன் வங்கி.

நான்காவது, மெரினாவில் உள்ள ஐஸ் ஹவுஸ். 1842ல் கட்டியது. பாஸ்டனைச் சேர்ந்த பிரெடரிக் டியூடர் அமெரிக்க ஏரிகளில் உறைந்த பனிக்கட்டியை வெட்டி, மரத்தூளில் பொதிந்து, பாதி உலகம் சுற்றி இங்கே கொண்டுவந்து விற்றார். பனிக்கட்டி இயற்கை தந்தது, மரத்தூள் மரம் அறுக்கும் ஆலைகளின் கழிவு. கூலியும் கப்பல் வாடகையும்தான் பெரிய செலவு. 1833ல் கல்கத்தாவுக்குப் போன முதல் கப்பலில் ஏற்றிய 180 டன்னில் சுமார் 100 டன் உருகாமல் போய்ச் சேர்ந்தது. இயந்திரத்தில் ஐஸ் செய்ய ஆரம்பித்ததும் இந்த வியாபாரம் படுத்துவிட்டது. 1897ல் விவேகானந்தர் ஒன்பது நாட்கள் தங்கியதால் இன்று இது விவேகானந்தர் இல்லம்.

கடைசியாக, கல்பாக்கம் அருகே சதுரங்கப்பட்டினம். மெல்லிய மஸ்லின் துணிக்குப் பெயர்பெற்ற டச்சுத் துறைமுகம். கோட்டைச் சுவர், கிட்டங்கிகள், கல்லறைகள் மிஞ்சியிருக்கின்றன. 1782ல் இந்தக் கடலில்தான் ஆங்கிலேய, பிரெஞ்சுக் கப்பற்படைகள் மோதிக்கொண்டன.

கணக்குப் பதிவியலில் முதல் பாடம், ஒவ்வொரு வரவுக்கும் எதிரே ஒரு பற்று இருக்கும் என்பது. இந்த ஐந்து இடங்களிலும் வரவுப் பக்கம் கல்லிலும் சுண்ணாம்பிலும் நிற்கிறது. பற்றுப் பக்கத்தில் இருந்த நெசவாளியையும், கப்பலேற்றப்பட்டவனையும், சேமிப்பைப் பறிகொடுத்த விதவையையும் எந்தப் பலகையிலும் தேடிக் கண்டுபிடிப்பது கஷ்டம். அடுத்த முறை சொந்தக்காரர்கள் வரும்போது ஓர் இடத்துக்காவது கூட்டிப்போய், அந்தப் பக்கத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள்.