தெளிநீரும் உருக்கும்



மாத்தளை மாவட்டத்தின் வடபாகத்திலே, தம்புள்ளை, கலேவெலப் பக்கங்களில் கிணற்று நீரைக் காய்ச்சிக் குடிப்போர், கேத்தலின் அடியில் வெண்படலம் படிவதை நன்கறிவர். நீரிற் கரைந்துள்ள சுண்ணத்தின் வேலை அது. கண்ணுக்குத் தெரிவதால் சுரண்டிக் களைந்துவிடுகிறோம். ஆனால், உப்போ சுண்ணமோ இல்லாத தெளிநீரே வல்லுருக்கைப் பிளந்த வரலாறும் உண்டு. கலை பயின்ற நான் இரசாயனத்துட் புகுவது, அது வரலாறாகவும் இருப்பதனாலேயே.

1913 ஆம் ஆண்டில் ஷெபீல்ட் நகரத்து ஹரி பிரியர்லி என்பார், துப்பாக்கிக் குழல்களுக்கு ஏற்ற உருக்கைத் தேடுங்கால், குரோமியம் கலந்த உருக்கு எளிதிற் கறைபடாமை கண்டார். நம் அடுக்களை எவர்சில்வர் அக்குலத்ததே. அதன் மேலே குரோமிய ஒட்சைட்டுப் படலம் ஒன்று கவசம்போல் மூடியிருக்கிறது. கவசம் கெட்டால் காப்பும் கெடும். உப்புநீர் நெடுநாள் ஊறிய எவர்சில்வர்ப் பாத்திரத்தில் நுண்குழிகள் விழுவதை இல்லத்தரசியர் கண்டிருப்பர்.

இவ்வுருக்கை நம்பியே கொதிநீர் அணுவுலைகளின் குழாய்கள் அமைக்கப்பட்டன. மும்பைக்கு வடக்கேயுள்ள தாராப்பூரில் 1969 இல் மின் வழங்கத் தொடங்கிய இரு உலைகளும் அவ்வகையினவே. அங்கே நீராவியாக்கிகளின் குழாய்கள் கசிந்தமையால் அவை விலக்கப்பட, ஒவ்வோர் உலையும் 210 மெகாவாற்றிலிருந்து 160 ஆகக் குறைக்கப்பட்டது.

அமெரிக்காவில் 1974 இல் டிரெஸ்டன் உலையின் குழாயொன்றில் மயிரிழை வெடிப்புகள் தென்பட்டன. மறுவருடத் தொடக்கத்தில் 23 உலைகளை நிறுத்திச் சோதிக்க ஆணை பிறந்தது. நீரோ மிகத் தூயது. பின் பகை எங்கிருந்து வந்தது?

பற்றவைக்கும்போது எழும் சூட்டில், உருக்கிலுள்ள காபன் குரோமியத்தைப் பற்றிக்கொள்கிறது. உலோக மணிகளின் விளிம்புகள் குரோமியம் வறண்டு நிற்கின்றன. பற்றவைப்பு விட்டுச்சென்ற இழுவிசையும் அங்கேயே தங்குகிறது. மூன்றாவதாக வருவது நீர். உலையில் அது ஏறத்தாழ 285 பாகை செல்சியசு சூட்டில் உள்ளது. கதிர்வீச்சு அந்நீரைப் பிளக்க, ஐதரசன் பெரும்பாலும் ஆவியோடு போய்விடுகிறது. ஒட்சிசன் மிகுந்து நிற்கிறது. நூறு கோடிப் பங்கு நீரில் 200 பங்கு ஒட்சிசன் போதும், அவ்விளிம்புகள் வழியே வெடிப்பு ஊர்ந்து செல்ல. பள்ளிக்கூடத்துத் தராசு எதிலும் அவ்வளவு சிறிய நிறை அகப்படாது.

1979 இல் சுவீடனின் ஒஸ்கர்ஷாமில், ஊட்டுநீரில் ஐதரசனைச் செலுத்திப் பார்த்தனர். அது ஒட்சிசனைத் தன்னோடு சேர்த்து மீண்டும் நீராக்க, வெடிப்பு வளரும் வேகம் தணிந்தது. டிரெஸ்டன் உலையும் 1980களில் இம்முறையைக் கைக்கொண்டது. காபன் குறைந்த உருக்கும் புதிய குழாய்களுக்கு வந்தது.

மருந்துக்கும் ஒரு விலை இருந்தது. ஐதரசன் மிகுந்தால் கதிரியக்க நைதரசன் ஆவியோடு கூடுதலாகச் செல்லும். சுழலியருகே பணிபுரிவோர்மீது கதிர்வீச்சு ஏறும். ஆகவே 1996 இல் அமெரிக்காவின் டுவேன் ஆர்னல்ட் உலையில் பிளாற்றினம் முதலிய அருமை உலோகங்களை மிகச் சிறிதளவு நீரிற் கலந்தனர். அவை குழாய்ச் சுவரிற் படிந்து நின்றமையால், சிறிதளவு ஐதரசனே போதுமாயிற்று.