சிங்கப்பூர், புருணை வெள்ளிகள்

மலாயா–பிரிட்டிஷ் போர்னியோ வெள்ளிக்கு (டாலருக்கு) மாற்றாக 1967 ஜூன் 12 அன்று சிங்கப்பூரும் புருணையும் தனித்தனி நாணயங்களை வெளியிட்டன. அவ்வாண்டு நவம்பரில் பிரிட்டன் பவுண்டின் மதிப்பைக் குறைத்தது. புதிய வெள்ளிகள் அசையவில்லை. பவுண்டோடு பிணைக்கப்பட்டு, புழக்கத்தில் மிஞ்சியிருந்த பழைய வெள்ளியோ புதிய வெள்ளிக்கு எதிராக 85 காசாகச் சரிந்தது. பழைய நோட்டைப் பத்திரப்படுத்தியவர்களுக்குத்தான் நட்டம்.

இரு வெள்ளிகளும் ஒன்றுக்கு ஒன்று என்ற சம மதிப்பில், கட்டணமின்றி மாற்றிக்கொள்ளத்தக்கவை. இந்த ஏற்பாட்டில் இருந்த மலேசியா 1973இல் விலகியது. சிங்கப்பூர் 1981 முதல் தன் வெள்ளியைப் பல நாட்டு நாணயங்களின் தொகுப்போடு ஒப்பிட்டு நிர்வகிக்கிறது. ஆகவே புருணையின் மாற்று விகிதமும் நடைமுறையில் சிங்கப்பூரிலேயே முடிவாகிறது. எண்ணெய் வளம் மிக்க நாட்டுக்கு இது விசித்திரமான நிலைதான். புருணை நோட்டில் சுல்தானின் உருவம் இருக்கும். சிங்கப்பூர் நோட்டில் நாட்டின் பெயர் தமிழிலும் உண்டு.