ஆசிரியர் இல்லாத இரண்டு பள்ளிகள்

புரோகிராமிங் படிப்பவருக்கு நிரல்மொழி அறிவு மட்டும் போதாது. தெளிவாகப் பேசவும், பிறர் சொல்வதைக் கேட்கவும், யாரும் விரட்டாமல் தானே படிக்கவும் தெரிய வேண்டும். இவற்றை வரவழைக்கப் பல இடங்களில் மென்திறனுக்கென்று தனி வகுப்பு வைக்கிறார்கள். அப்படிப் பிரிக்காமல், நிரல் எழுதும் வேலைக்குள்ளேயே இந்தப் பழக்கங்களை வளர்க்கும் இரண்டு இடங்கள் உண்டு. ஒன்று, சேவியே நியெல் என்ற தொழிலதிபர் 2013-இல் பாரிஸில் தொடங்கிய ‘42’. மற்றொன்று, 2011-இல் ஹேக்கர் ஸ்கூலாகத் தொடங்கி 2015-இல் பெயர் மாறிய நியூயார்க்கின் ரிகர்ஸ் சென்டர். இரண்டிலும் கட்டணம் இல்லை, ஆசிரியரும் இல்லை.

42-இல் சேர, ‘பிஸின்’ எனப்படும் நான்கு வாரச் சோதனையைக் கடக்க வேண்டும். பட்டமோ முன் அனுபவமோ கேட்பதில்லை. பயிற்சிகள் சி மொழியில் தொடங்கும். திருத்துவது ஒரு தானியங்கி நிரல். வரிசையில் ஒன்று தவறினால், அடுத்தவை சரியாக இருந்தாலும் மதிப்பெண் கிடைக்காது. ஒரு ஃபங்ஷன் 25 வரிகளைத் தாண்டக் கூடாது என்பது போன்ற கறாரான எழுத்து விதிகளும் உண்டு.

ஆனால் 42-இன் உயிர்நாடி சக மாணவர் மதிப்பீடுதான். தன் வேலையைத் திருத்தித் தர ஒருவர் புள்ளிகளைச் செலவழிக்க வேண்டும்; பிறர் வேலையைத் திருத்தினால்தான் அந்தப் புள்ளிகள் திரும்பச் சேரும். திருத்த வருபவர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்பார்: “இந்த இடத்தில் மெமரி கிடைக்கவில்லை என்றால் உன் நிரல் என்ன செய்யும்?” எங்கிருந்தோ எடுத்து ஒட்டியவர் அந்தக் கேள்வியிலேயே அகப்பட்டுக்கொள்வார். புரிந்து எழுதியவரும் அதை வாய்விட்டு விளக்கியாக வேண்டும்.

ரிகர்ஸ் சென்டரில் பாடத்திட்டம், தேர்வு, சான்றிதழ் எதுவுமே கிடையாது. ஆறு அல்லது பன்னிரண்டு வாரம், என்ன படிப்பது என்பதை அவரவரே முடிவு செய்கிறார்கள். அங்கே கறார் காட்டுவது பேச்சு விஷயத்தில். “என்னது, இது கூடத் தெரியாதா?” என்று வியப்புக் காட்டக் கூடாது. பேச்சின் போக்குக்குத் தேவையில்லாத சின்னத் திருத்தம் சொல்லிக் குறுக்கிடக் கூடாது. இருவர் ஒரு சிக்கலோடு மல்லுக்கட்டும்போது, உடன் உட்காராமல் தூரத்திலிருந்து யோசனை வீசக் கூடாது. யாரையும் மறைமுகமாகக்கூட இழிவுபடுத்தும் பேச்சும் கூடாது. இந்த நான்கு விதிகளின் நோக்கம், தெரியாததைக் கூச்சமின்றிக் கேட்கும் சூழலை உண்டாக்குவதே.

படிக்கும் பழக்கத்தை 42 வெளியிலிருந்து கொண்டுவருகிறது. காலக்கெடுவும், இணையம் இல்லாமல் எழுதும் தேர்வும் மாணவரை நாற்காலியில் உட்கார வைக்கின்றன. ரிகர்ஸ் சென்டர் உள்ளிருந்து வளர்க்கிறது: தன் திறமையின் விளிம்பில் நின்று வேலை செய், எதைக் கற்பது என்று நீயே தீர்மானி, கற்றதைத் தாராளமாகப் பகிர். இரண்டிலும் விலை உண்டு. 42-இன் அழுத்தம், திறமை இருந்தும் நிதானமாகக் கற்பவரை வெளியே தள்ளிவிடலாம். ரிகர்ஸ் சென்டரின் சுதந்திரம் புதியவருக்குத் திக்குத் தெரியாத காடாகிவிடும். கொஞ்சமாவது நிரல் எழுதிப் பழகியவரையே அது சேர்த்துக்கொள்வதில் நியாயம் இருக்கிறது.

ஆகவே, தொடக்கத்தில் இருப்பவருக்கு 42-இன் கட்டமைப்பும், ஓரளவு தேர்ந்தவருக்கு ரிகர்ஸ் சென்டரின் சுதந்திரமும் பொருந்தும் என்பேன். பேச்சு விதிகளோ இருவருக்கும் முதல் நாளிலிருந்தே வேண்டும். கேள்வி கேட்டதற்கு ஒரு முறை அவமானப்பட்டவர் மறுமுறை வாய் திறக்கத் தயங்குவார். அங்கேயே அவர் படிப்பும் தேங்கிவிடும்.

இவற்றைப் பின்பற்றப் பெரிய நிறுவனம் தேவையில்லை. சேர்ந்து படிக்கும் இரண்டு பேர் போதும். ஒருவர் எழுதியதை மற்றவருக்கு வரிவரியாக விளக்கட்டும்; கேட்பவர் ஏளனம் செய்யாமல் கேள்வி கேட்கட்டும். அடுத்த நாள் இடம் மாறிக்கொள்ளட்டும். மென்திறனுக்கு இதைவிட நல்ல வகுப்பு வேறில்லை.