சேமலாப நிதியும் உழைப்போர் பாதுகாப்பும்

தொழிலாளிக்கு உழைப்பே உடைமை. நோயோ விபத்தோ முதுமையோ அதனைத் தடுக்கும்போது அவன் குடும்பம் முழுவதும் வறுமையுறுகின்றது. இத்துன்பத்தைத் தனிமனித விதியெனக் கொள்ளாது சமுதாயத்தின் பொறுப்பெனக் கொண்டதன் விளைவே சமூகப் பாதுகாப்பு முறையாகும். பிஸ்மார்க் காலத்து ஜேர்மனியில் 1883இல் நோய்க் காப்புறுதியும், 1884இல் விபத்துக் காப்புறுதியும், 1889இல் முதுமைக் காப்புறுதியும் சட்டமாயின.

இலங்கையில் வேலையாளர் நட்டஈட்டுச் சட்டம் 1934இலும், மகப்பேற்று நன்மைச் சட்டம் 1939இலும் இயற்றப்பட்டன. ஆயினும் ஓய்வூதியம் பெரும்பாலும் அரசாங்க ஊழியருக்கே உரியதாயிருந்தது. இக்குறையை நீக்க எழுந்ததே 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்க ஊழியர் சேமலாப நிதிச் சட்டம். தொடக்கத்தில் ஊழியர் 4 சதவீதமும் வேலைகொள்வோர் 6 சதவீதமும் செலுத்தினர்; பின்னர் இவை முறையே 8, 12 சதவீதமாயின. 1980ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நிறுவப்பட்ட ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு வேலைகொள்வோர் மட்டுமே 3 சதவீதம் செலுத்துகின்றனர்.

இந்நிதியால் பயனடைவோர் ஊழியர் மட்டுமல்லர். சிறுதுளிகளாகச் சேரும் பணத்தை மத்திய வங்கி பெரும்பாலும் அரசாங்கப் பிணையங்களில் முதலிடுவதால், நாட்டுக்கு நீண்டகால உள்நாட்டு மூலதனம் கிடைக்கின்றது. ஆனால், கடன் பெறும் அரசாங்கம் தளரும்போது ஊழியரின் சேமிப்பும் அத்தளர்ச்சியில் பங்கேற்க நேர்கின்றது. 2023ஆம் ஆண்டு உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பில் இந்நிதியின் முறிகளும் உள்ளடக்கப்பட்டமை இதற்குச் சான்றாகும்.

மேலும், சேமலாபம் ஒரே தடவையில் பெறும் தொகையேயன்றி ஆயுட்கால ஓய்வூதியமன்று. விலையேற்றம் அதன் பெறுமதியைக் கரைத்துவிடும். நாட்கூலிகளுட் பலர் இன்றும் இதற்குப் புறம்பாகவே உள்ளனர். எனவே, திரண்ட நிதியின் அளவன்று, முதுமையில் உழைத்தவன் கையில் எஞ்சும் வாங்குசக்தியே இம்முறையின் உண்மையான அளவுகோலாகும்.