கூதிர்கால மனையும் ஈரக் கட்டுப்பாடும்: நெடுநல்வாடை தரும் வாழிடச் சான்றுகள்

ஆய்வுச் சுருக்கம்

சங்ககாலத் தமிழர் குளிர்ப்பருவத்தில் மனையகத்தின் காற்றையும் ஈரத்தையும் எவ்வாறு கையாண்டனர் என்பதை நெடுநல்வாடையின் மனைக்காட்சிகள் வழி இக்கட்டுரை ஆராய்கிறது. அச்சான்றுகள் எவ்வளவு தூரம் செல்லும் என்பதையும் வரையறுக்க முயல்கிறது.

திறவுச்சொற்கள்: கூதிர், நெடுநல்வாடை, சாளரம், கணப்பு, ஈரப்பதம்

முன்னுரை

பத்துப்பாட்டில் ஏழாவதாக வைக்கப்பெற்ற நெடுநல்வாடை நக்கீரரால் 188 அடிகளில் பாடப்பெற்றது. இதன் மனைக்காட்சிகளைத் தலைவியின் பிரிவுத் துயருக்குப் பின்புலமாகக் காண்பதே பெருவழக்கு. ஆயினும் பருவ மாற்றத்திற்கேற்ப ஒரு மனை தன் புழங்குமுறையை மாற்றிக்கொள்வதை இத்துணை விரிவாகக் காட்டும் சங்கப் பனுவல்கள் சிலவே. அவ்வகையில் இது வாழிட வரலாற்றுக்கும் சான்றாகிறது. ஊரின் பெயர் நூலுள் இல்லை. பாட்டுடைத் தலைவன் பாண்டியன் நெடுஞ்செழியன் எனக் கொள்ளப்படுதலின் மதுரை எனக் கருத இடமுண்டு.

கூதிரின் இயல்பு

கூதிர் ஐப்பசி, கார்த்திகைத் திங்களுக்குரியது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தோடு ஒத்தது. குளிர்நாட்டுப் பனிக்காலத்திலிருந்து இது அடிப்படையில் வேறுபடும். 0 பாகை செல்சியசில் நிறைவுற்ற வெளிக்காற்றை உள்ளே கொணர்ந்து 20 பாகைக்குச் சூடேற்றினால் அதன் ஒப்பு ஈரப்பதம் ஏறத்தாழ 26 விழுக்காடாகக் குறையும். ஆதலின் அங்குச் சாளரத்தைத் திறப்பது மனையை உலர்த்தும். மழைபெய்யும் கூதிர் நாளிலோ வெளிக்காற்று 24 பாகையில் 95 விழுக்காடு ஈரத்தோடு இருக்கக்கூடும். அதனை உள்ளே விடுவதால் மட்டும் மனை உலராது. அதே காற்றை 28 பாகைக்குச் சூடேற்றினால் ஒப்பு ஈரப்பதம் சுமார் 75 விழுக்காடாகக் குறையும். எனவே இப்பருவத்தில் சாரலைத் தடுத்தலும் வெம்மை ஊட்டலுமே பயன்தரும் வழிகள்.

பாட்டில் காணும் மனைப்புழக்கம்

நெடுநல்வாடை இவ்விரண்டையுமே காட்டுகிறது. மேனிலை மாடத்து வேனிற் பள்ளியறைக்குத் தென்றலைக் கொணரும் சாளரங்களின் கதவுகள் தாழிடப்பட்டுள்ளன. கோடையில் வீசிய விசிறி சுருக்கி முளையில் தொங்கவிடப்பட, அதில் சிலந்தி நூல் படிந்துள்ளது. சந்தனமும் அதனை அரைக்கும் வட்டக்கல்லும் பயனின்றிக் கிடக்கின்றன. குறுகிய வாயுடைய கன்னலின் தண்ணீரை எவரும் பருகவில்லை. அகன்ற வாயுடைய தடவில் இட்ட நெருப்பையே நாடுகின்றனர். மகளிர் கூந்தலுக்குத் தகர விறகின் தீயில் அகில் புகைக்கின்றனர். மணமூட்டலே இதன் நோக்கம் எனினும், ஈரக் காலத்தில் கூந்தலை உலர்த்தலும் உடன் நிகழ்ந்திருக்கும்.

இவற்றுள் யாழ் பற்றிய குறிப்பு தனிக் கவனத்திற்குரியது. குளிரால் இசை திரிந்த நரம்புகளை ஆடல் மகளிர் தம் உடல் வெம்மையில் தடவிப் பின்னர்ப் பண் அமைக்கின்றனர். பாட்டு தண்மையையே காரணமாகச் சுட்டுகிறது. யாழின் நரம்பு விலங்கு நரம்பாயின், அது காற்றின் ஈரத்தை ஏற்றுத் தன் இழுவிசை மாறும் பொருளாகும். ஈரத்தால் மயிரிழை நீளும் இயல்பைக்கொண்டு ஜெனீவாவின் சொசூர் 1783இல் ஈரமானியை விளக்கினார். பாட்டில் வரும் மகளிர் ஈரத்தை அளந்தனர் எனக் கூறுதல் பொருந்தாது. ஆனால் மூடிய மனைக்குள்ளும் ஈரம் புகுந்திருந்ததை அக்காட்சி உணர்த்துகிறது எனலாம்.

சான்றின் எல்லைகள்

முதலாவதாக, தாழிடப்பட்டவை தென்றல் வரும் சாளரங்களே. மனை முழுதும் அடைக்கப்பட்டது என நூல் கூறவில்லை. இரண்டாவதாக, இடைவெளியின்றிப் பொருத்தப்பட்ட கதவினைப் பற்றிய வருணனையைக் காற்றுத் தடுப்புக்குச் சான்றாக்குதல் தவறு. அது யானை புகும் அரண்மனை வாயிலைக் குறிப்பது. அங்குக் கருதப்படுவது காவலும் தச்சுத்திறனும் ஆகும். மூன்றாவதாக, புகைபோகும் வழி குறித்து நூல் ஏதும் சொல்லவில்லை. அடைத்த அறையில் எரியும் கரிநெருப்பு உயிர்க்கொல்லி நச்சுவளியை உண்டாக்கும். எனவே கூரையிலோ முற்றத்தை ஒட்டியோ காற்று இயங்கும் வழி இருந்திருக்க வேண்டும் என்பது நம் ஊகமே. பாட்டின் சான்று அன்று.

நான்காவது எல்லை சமூகம் சார்ந்தது. மேனிலையும் வேனிற் பள்ளியும் செல்வர் மனைக்குரியவை. பாட்டின் தொடக்கத்திலேயே கோவலர் வெள்ளத்திற்கு அஞ்சி மேட்டுநிலத்தில் தங்கி, கொள்ளியைக் கையிற்கொண்டு நடுங்குகின்றனர். அதே கூதிரில் அவர்க்கு அடைப்பதற்குச் சாளரம் இல்லை. ஒரு வகுப்பாரின் மனைப்புழக்கத்தைத் ‘தமிழர் கட்டடக்கலை’ எனப் பொதுமைப்படுத்துவோர் இவ்வடிகளைக் கடந்துசெல்ல இயலாது.

முடிவுரை

பருவத்திற்கேற்பப் பள்ளியையும் சாளரத்தையும் கலங்களையும் மாற்றிக்கொள்ளும் புழக்கம் செல்வர் மனைகளில் நிலவியதை நெடுநல்வாடை உறுதிப்படுத்துகிறது. அப்புழக்கம் அறிவியல் கோட்பாடாக வகுக்கப்பட்டது என்பதற்குப் பாட்டில் சான்றில்லை. பட்டறிவின் பயன் எனலே சாலும். குளிர்நாட்டு நெறிகளை அளவுகோலாக்கி இதனை மதிப்பிடுதலும், இன்றைய அறிவியலை இதனுள் ஏற்றிக் காணுதலும் ஒருங்கே தவிர்க்கத்தக்கன. கூதிரை அதன் ஈரத்தோடு வைத்து நோக்கும்போதே இம்மனைக்காட்சிகளின் வரலாற்றுப் பொருள் புலனாகும்.