4 ஜிபி வாங்கினால் 3.4 காட்டுவது ஏன்?

பதிவு கொஞ்சம் நீளம், ஆறுதலாக வாசியுங்கள்.

போன கிழமை தோட்டத்திலிருந்து ஒரு தந்தை பழைய லெப்டொப் ஒன்றைத் துணியில் சுற்றிக்கொண்டு வந்தார். மகள் தரம் 10, ஐசிடி பாடம் எடுத்திருக்கிறாள். சீட்டுக் காசில் வாங்கிக் கொடுத்தது. "சேர், 4 ஜிபின்னு சொல்லித்தான் குடுத்தாங்க. இதுல 3.4ன்னு காட்டுது. மொதலாளி ஏமாத்திட்டாரு" என்றார். லயத்தில் கதை ஏற்கெனவே பரவிவிட்டது.

கடைக்காரர் ஏமாற்றவில்லை. இதைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன், எழுத எழுத கதை வேறு எங்கோ போய்விட்டது.

கணினிக்குள் இரண்டு வேலைக்காரர்கள். ஒருவர் சிபியு. எந்த வேலை கொடுத்தாலும் யோசித்துச் செய்வார். மற்றவர் ஜிபியு. திரையில் படம் வரையப் பிறந்தவர், ஒரே மாதிரிக் கணக்கை ஆயிரக்கணக்கில் ஒரே நேரத்தில் போட்டுத் தள்ளுவார். விலை குறைந்த கணினிகளில் ஜிபியுவுக்கென்று தனி மெமரி கிடையாது. 1999இல் வந்த இன்டெல் 810 போன்ற சிப்களின் காலத்திலிருந்தே, பொது ரேமில் ஒரு துண்டை வெட்டி அவருக்குக் கொடுத்துவிடுவார்கள். மிச்சத்தைத்தான் விண்டோஸ் "பாவிக்கக்கூடியது" என்று காட்டுகிறது. காணாமல் போன 0.6 அங்கேதான் இருக்கிறது.

ஆனால் இது பாகப்பிரிவினை. ஒரே வீட்டில் நடுவே சுவர் எழுப்பியது போல. உண்மையிலேயே ஒரே மெமரியை இருவரும் சேர்ந்து பாவிக்க வைப்பதற்கு உலகம் பல வருடம் மினக்கெட்டது. அந்தக் கதையில் ஒரு பகுதி நமக்குப் பக்கத்திலேயே நடந்திருக்கிறது.

மன்னார் வளைகுடாவுக்கு அந்தப் பக்கம், திருவனந்தபுரத்தில் விக்ரம் சாராபாய் விண்வெளி மையம். அப்துல் கலாம் எஸ்எல்வி-3 திட்டத்துக்குத் தலைமை தாங்கிய இடம். 2011 மே 2ஆம் திகதி அங்கே சாகா-220 என்ற சுப்பர் கணினியைத் திறந்தார்கள். 400 இன்டெல் சிபியு, 400 என்விடியா டெஸ்லா ஜிபியு. செலவு ஏறத்தாழ 14 கோடி இந்திய ரூபாய். அன்று இந்தியாவிலேயே வேகமானது என்று இஸ்ரோ அறிவித்தது.

என்ன வேலை அதற்கு? ரொக்கெட் மேலே போகும்போது காற்று அதன் மீது எப்படி மோதும், எங்கே சூடேறும் என்று முன்கூட்டியே கணக்குப் போட வேண்டும். அதற்காக அந்த மையமே எழுதிய மென்பொருளின் பெயர் பராஸ்-3டி. ரொக்கெட்டைச் சுற்றியுள்ள வெளியைச் சின்னச் சின்னப் பெட்டிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் காற்றின் வேகம், அமுக்கம், வெப்பநிலை என்று கணிக்கும். ஒரே மாதிரிக் கணக்கு, எண்ணிலடங்காத பெட்டிகள். ஜிபியுவுக்கென்றே செய்த வேலை.

சிக்கல் எங்கே என்றால், அந்த ஜிபியுவுக்குத் தனி மெமரி, 6 ஜிபி. சிபியுவுக்கும் தனி மெமரி. நம் பக்கத்துக் கொழுந்து லொறியை நினைத்துப் பாருங்கள். பெக்டரியில் ரோலர் எவ்வளவு வேகமாகச் சுற்றினாலும், லொறி வளைவுகளில் ஏறி வந்து சேரும் வரை ரோலர் சும்மாதான் நிற்கும். டெஸ்லா தன் சொந்த மெமரியிலிருந்து விநாடிக்குச் சுமார் 144 ஜிபி எடுக்கும். சிபியுவிடமிருந்து தரவு வரும் பாதையோ அதிகபட்சம் 8 ஜிபி. பதினெட்டில் ஒரு பங்கு!

நேரத்தை விடப் பெரிய தலையிடி இன்னொன்று. ஒரே தகவலுக்கு இரண்டு பிரதி. எது புதியது, எது பழையது? என்விடியா 2007இல் வெளியிட்ட கூடா என்ற முறையில் (தமிழில் எழுதினால் இப்படி வந்து தொலைக்கிறது) ஒவ்வொரு முறையும் நிரல் எழுதுபவரே "இதைக் கொண்டுபோ, இதைத் திருப்பிக் கொண்டுவா" என்று கட்டளை எழுத வேண்டும். ஓர் இடத்தில் மறந்தால் நிரல் நின்றுபோகாது. பழைய எண்ணை வைத்துப் பிழையான விடையை அமைதியாகத் தந்துவிடும். பரீட்சைப் புள்ளிகளை இரண்டு கொப்பியில் எழுதி, ஒன்றில் மட்டும் திருத்திய ஆசிரியர்களுக்கு இது விளங்கும்.

2014இல் கூடாவின் 6ஆம் பதிப்பு இரண்டு பிரதிக்கும் ஒரே விலாசம் கொடுத்தது. ஆனால் லொறி நிற்கவில்லை, கண்ணுக்குத் தெரியாமல் ஓடியது, அவ்வளவுதான். அதே வருடம் ஜனவரியில் ஏஎம்டி நிறுவனத்தின் கவேரி சிப் வந்தது. அதில் இருவரும் ஒரே ரேமை நேராகவே தொட்டார்கள். 2020இல் ஆப்பிளின் எம்1. 2023 டிசம்பரில் ஏஎம்டியின் எம்ஐ300ஏ: சிபியு, ஜிபியு இரண்டுக்கும் பொதுவாக 128 ஜிபி அதிவேக மெமரி. அதை வைத்துக் கட்டிய எல் கெபிடான் என்ற அமெரிக்கக் கணினி 2024 நவம்பரில் உலகின் முதலிடத்துக்கு வந்தது.

எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது ஓபன்ஃபோம் கதை. லண்டன் இம்பீரியல் கல்லூரியில் பிறந்து, 2004இல் எல்லோருக்கும் இலவசமாகத் திறந்துவிடப்பட்ட மென்பொருள் அது. கார் கம்பனிகள் முதல் தொழிற்சாலைகள் வரை காற்று, நீர் ஓட்டத்தைக் கணிக்கப் பாவிக்கின்றன. லட்சக்கணக்கான வரிகள், பலர் பல வருடமாக எழுதியது. மெமரி இரண்டாக இருந்தபோது அதை ஜிபியுவுக்கு மாற்றுவதென்றால் அஸ்திவாரத்திலிருந்தே கிளற வேண்டும். மெமரி ஒன்றானதும் ஒரு நேரத்தில் ஒரு துண்டை மட்டும் மாற்றலாம், மீதி பழையபடியே ஓடும். 2024இல் ஏஎம்டி பொறியியலாளர்கள் எம்ஐ300ஏயில் அப்படியே செய்து காட்டி, அதைக் கட்டுரையாகவும் வெளியிட்டார்கள். பழைய உழைப்பை எறியாமல் வேகத்தை வாங்கியது சின்ன விஷயமில்லை.

குறையும் உண்டு. இந்தப் புதிய சிப்களில் மெமரி சிப்போடு ஒட்டியே வரும். பிறகு கூட்ட முடியாது. வாங்கும்போது 8 என்றால் கடைசி வரை 8தான். புது லெப்டொப் வாங்க நினைப்பவர்கள் இதை மட்டும் கடையில் கேட்டுவிடுங்கள்.

அந்தத் தந்தையின் லெப்டொப் பழையது என்பதால் அந்தக் கவலை இல்லை. அடியில் மூடியைக் கழற்றிப் பார்த்தோம், ஒரு ஸ்லொட் காலியாக இருந்தது. அடுத்த சம்பளத்துக்கு இன்னொரு 4 ஜிபி போடலாம், அதே மொதலாளியிடமே விலை கேளுங்கள் என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன்.