வீடற்ற ஹைட்ரஜனும் ஆம்பூர்த் தோலும்

பள்ளிச் சுவரில் தொங்கிய தனிம வரிசை அட்டவணையை நாம் மறந்திருக்க மாட்டோம். அதன் இடது மூலையில், சோடியம், பொட்டாசியம் ஆகியவற்றின் தலைமாட்டில் ஹைட்ரஜன் அமர்ந்திருக்கும். 1869-இல் மெண்டலீவ் தம் முதல் அட்டவணையை வெளியிட்ட காலந்தொட்டே அதன் இடம் சிக்கலானதுதான். தன் ஒரே எலக்ட்ரானை இழப்பதால் அது சோடியத்துக்கு உறவு. இன்னொன்றை ஏற்று ஹைட்ரைடு ஆவதால் குளோரினுக்கும் உறவு. ஆனால் எலக்ட்ரானை இழந்த சோடியத்துக்கு உள்ளடுக்குகள் மிஞ்சும். ஹைட்ரஜனுக்கு மிஞ்சுவது வெறும் புரோட்டான். உறையற்ற அச்சிறு துகள் பிற அணுக்களை மிக நெருங்கி ஒட்டும். அதே எளிமையுடன் விலகவும் செய்யும்.

இந்த இயல்பை நாம் ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டைத் தோல் தொழிலில் காண்கிறோம். சுண்ணாம்பில் ஊறி மயிர் நீங்கிய தோலைக் குரோம் உப்பில் இடுமுன், கந்தக அமிலமும் சாதாரண உப்பும் கலந்த நீரில் சுழற்றுவார்கள். குரோமியம் பற்றவேண்டிய இடங்களில் ஹைட்ரஜன் முன்கூட்டியே அமர்ந்துகொள்ளும். அதனால் குரோமியம் மேற்பரப்பிலேயே தங்கிவிடாமல் உள்ளே இறங்கும். பிறகு சோடா உப்பைச் சேர்த்தால் ஹைட்ரஜன் விலக, அவ்விடத்தைக் குரோமியம் பற்றும்.

அவ்விடங்கள் கொலாஜன் என்னும் புரதத்தில் உள்ளவை. அதன் முப்புரி அமைப்பை 1954-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஜி. என். இராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் முன்வைத்தனர். புரிகளைப் பிணைப்பதும் நைட்ரஜனுக்கும் ஆக்சிஜனுக்கும் நடுவே நிற்கும் ஹைட்ரஜனே. மூன்று அமினோ அமிலங்களுக்கு இரண்டு பிணைப்புகள் என்றார் இராமச்சந்திரன். ஒன்றே என்றனர் ரிச்சும் கிரிக்கும். நேரடிப் பிணைப்பு ஒன்றே என 1994-இல் வெளியான படிக ஆய்வு காட்டியது.

அமிலம் மட்டும் சேர்த்தால் தோல் நீரை உறிஞ்சி ஊதிவிடும்; அதைத் தடுக்கவே உப்பு. கழிவுநீரின் அமிலத்தைச் சுண்ணாம்பால் தணிக்கலாம்; உப்பை அவ்வாறு தணிக்க இயலாது. அந்த உப்பும், பச்சைத் தோல் அழுகாதிருக்கத் தூவிய உப்பும் பாலாற்றுப் படுகையின் கிணறுகளில் இறங்கின. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாசுபடுத்தியவரே அதன் செலவை ஏற்கவேண்டும் என்னும் கொள்கை இந்நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று அது அறிவித்தது.

ஹைட்ரஜனை எந்த வரிசையில் வைப்பது என்று வேதியியலார் இன்னும் வாதிடட்டும். தோல் தொட்டியில் அது தன் வேலையை முடித்து நீரோடு நீராகிவிடுகிறது. துணைக்கு வந்த உப்புதான் ஊரை விட்டுப் போகவில்லை.